உஷார்! ‘ஆயுசுக்கும் உழைக்கும்’ பூட்ஸ்

கறுப்புத் தோல், கயிறு கோக்க எட்டுத் துளை, விளிம்பைச் சுற்றி மஞ்சள் தையல். டாக்டர் மார்ட்டென்ஸ் 1460 பூட்ஸைப் பார்த்ததும் கை பரபரக்கிறதா? லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ படிக்கப் போன பிள்ளை, “ஒரு தடவை வாங்கிட்டா ஆயுசுக்கும் உழைக்கும்ப்பா” என்று போனில் அடி போடுகிறதா? பணத்தை அனுப்புவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அந்த ‘ஆயுசுக்கும்’ என்ற பேச்சில்தான் வில்லங்கம் இருக்கிறது. விலை ஏறிய அளவுக்கு இந்த பூட்ஸின் ஆயுள் ஏறவில்லை.

கூலிக்காரரின் பூட்ஸ், இன்று என்ன விலை?

ஜெர்மானிய ராணுவ மருத்துவர் கிளாஸ் மேர்ட்டென்ஸ், 1945-இல் பனிச்சறுக்கில் காலைக் காயப்படுத்திக்கொண்டார். வலிக்காமல் நடக்கக் காற்றறை வைத்த ஒரு சோலை உருவாக்கினார். அதன் உரிமையை இங்கிலாந்தில் வொல்லாஸ்டன் என்ற ஊரின் கிரிக்ஸ் குடும்பம் வாங்கியது. அவர்களுடைய முதல் ஜோடி வெளிவந்த நாள் 1960 ஏப்ரல் 1. அந்தத் தேதியைத்தான் 1460 என்று பெயராக வைத்தார்கள். தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளிகளும் வாங்கிப் போட்டார்கள். விலை 2 பவுண்டு.

அப்போது பிரிட்டனில் உடலுழைப்பு ஆண் தொழிலாளியின் சராசரி வாரக் கூலி சுமார் 14 பவுண்டு. அதில் ஏழில் ஒரு பங்கு கொடுத்தால் பூட்ஸ் காலில் ஏறும். இப்போது அதே 1460 சுமார் 170 பவுண்டு. சராசரி வாரச் சம்பளம் 700 பவுண்டு அளவில் நிற்கிறது. ஏழில் ஒரு பங்கு இருந்த இடத்தில் நாலில் ஒரு பங்கு கேட்கிறார்கள்.

தோல் விலை ஏறியதால்தானே என்பீர்கள். இல்லை. 2014 வாக்கில் உச்சத்தைத் தொட்ட அமெரிக்க மாட்டுத்தோல் விலை, அடுத்த சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே சரிந்தது. வாங்க ஆளில்லாமல் லட்சக்கணக்கான மட்டத்தோல்களைக் குழியில் போட்டு மூடிய காலமும் உண்டு. ஆங்கிலேயத் தொழிலாளியின் சம்பளமும் காரணமாகாது. 2003-லேயே தயாரிப்பு ஏறக்குறைய முழுவதும் ஆசியாவுக்குப் போய்விட்டது. கொரோனாவுக்குப் பிறகு கப்பல் வாடகை, மின்சாரம், கூலி எல்லாம் கூடியது உண்மைதான். ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2014-இல் பெர்மிரா என்ற முதலீட்டு நிறுவனம் இந்தக் கம்பெனியை 30 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2021-இல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு 370 கோடி பவுண்டு. ஏழு வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு! பூட்ஸ் பன்னிரண்டு மடங்கு உறுதியாகிவிடவில்லை. ஏறியது பெயரின் மவுசு.

கவிழ்த்து, அடியைப் பாருங்கள்

“குட்இயர் வெல்ட் சார், சாதாரண ஒட்டு இல்லை” என்பார் விற்பனையாளர். பாதி உண்மை. நிஜமான வெல்ட் பூட்ஸில் இரண்டு தையல் உண்டு. மேல்தோலையும் உள்சோலையும் ஒரு பட்டையோடு சேர்ப்பது முதல் தையல். அந்தப் பட்டையோடு அடிச்சோலைச் சேர்ப்பது இரண்டாவது. சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புது சோல் போடலாம். மேல்தோல் நன்றாக இருந்தால் இப்படிப் பல தடவை மாற்றலாம். வொல்லாஸ்டனுக்குப் பக்கத்திலேயே நார்தாம்ப்டனில், 1829 முதல் இருக்கும் ட்ரிக்கர்ஸ், 1879-இல் தொடங்கிய க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் போன்ற கம்பெனிகள், தாங்கள் விற்ற ஜோடிகளைத் திரும்பப் பெற்று சோல் மாற்றித் தருகின்றன.

1460-இல் பட்டையும் தையலும் உண்டு. ஆனால் பிவிசி சோல் அந்தப் பட்டையோடு சுமார் 700 டிகிரி சூட்டில் உருக்கிச் சேர்க்கப்படுகிறது. பிரித்தெடுக்க அங்கே தையல் இல்லை. தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோனால் கையை விரித்துவிடுவார். அறுத்து மாற்றித் தரும் சிறப்புப் பட்டறைகள் சில உண்டு. ஆனால் தேடிப்போக வேண்டும், செலவும் கூடுதல். ஆக, சோல் தேய்ந்த அன்றே பெரும்பாலான ஜோடிகளின் கதை முடிகிறது, மேல்தோல் எத்தனை நன்றாக இருந்தாலும். ‘ஃபார் லைஃப்’ என்ற பெயரில், வாழ்நாள் முழுக்கப் பழுதுபார்த்துத் தரும் உறுதியோடு ஒரு வகை விற்றார்கள். அதையும் நிறுத்திவிட்டார்கள்.

“அப்போ மேட் இன் இங்கிலாந்து வாங்கிடறேன்” என்கிறீர்களா? வொல்லாஸ்டனில் 2007 முதல் சிறிய அளவில் மறுபடி தைக்கிறார்கள். விலை 200 பவுண்டைத் தாண்டும். அங்கேயும் சோல் சூட்டில் ஒட்டுவதுதான். ஊர் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள்.

தோலா, பூச்சா?

‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள். தோல் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. மேல்பரப்பைத் தேய்த்து, மேலே பாலிமர் பூசிய தோலும் தோல்தான். பளபளக்கும், மழையைத் தாங்கும். ஆனால் மடிப்பில் பூச்சு வெடித்தால் எந்த பாலிஷ் போட்டாலும் பழையபடி ஆகாது.

ஐரோப்பாவில் விற்கும் காலணிகளில் மேல்பகுதி, உள்துணி, சோல் மூன்றும் எதனால் ஆனவை என்று குறி போட 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. விரித்த மாட்டுத்தோல் வடிவம் மட்டும் இருந்தால் தோல். அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சுத்தோல். சாய்சதுரம் மட்டும் இருந்தால் தோலும் துணியும் அல்லாத வேறு பொருள். இந்தச் சின்னப் படத்தைப் பார்க்காமல் 170 பவுண்டை எண்ணி வைக்காதீர்கள்.

வாங்கியே தீர வேண்டுமா?

* அந்தத் தோற்றம்தான் பிடித்திருக்கிறது என்றால் முழு விலை கொடுக்காதீர்கள். தள்ளுபடிக் காலம் வரை பொறுங்கள்.

* இன்ஸ்டாகிராமில் ‘கடையை மூடுகிறோம், 80 சதவீதம் தள்ளுபடி’ என்று வரும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். இணைய முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

* பழைய ஜோடி வாங்கினால், பளபளப்பைப் பார்க்காமல் குதிகால் தேய்மானத்தையும் மடிப்பு வெடிப்பையும் பாருங்கள்.

* எந்த பிராண்டாக இருந்தாலும் கடைக்காரரிடம் ஒரே கேள்வி: “சோல் தேஞ்சா மாத்தித் தருவீங்களா? எவ்வளவு ஆகும்?” பதில் மழுப்பலாக வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

* ஊரில் இருப்பவர்கள் லண்டன் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகள் வெளிநாட்டு பிராண்டுகளுக்கே வெல்ட் காலணி தைத்து அனுப்புகின்றன. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டு வாங்குங்கள்.

ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை. ஆசைக்கு என்று சொல்லிக்கொண்டு வாங்குங்கள். எளிதில் சோல் மாற்ற முடியாத பூட்ஸுக்கு ‘ஆயுசுக்கும்’ என்று கணக்குப் போட்டு 170 பவுண்டு கொடுப்பது நஷ்டம். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, அடியைப் பிரித்து மாட்டக்கூடிய ஜோடியாக வாங்குங்கள்.