மரத்துக்கு வந்த முத்திரை மீனுக்கும் வந்தது

குருநகர்க் கரையில் இறக்கப்படும் மீனும் நண்டும் இன்று எமது சந்தைகளோடு நின்றுவிடுவதில்லை. தரமானவை தெரிவு செய்யப்பட்டு, ஐஸ் இடப்பட்டு, கூலர் வாகனங்களில் தெற்கே சென்று, அங்கிருந்து கடல் கடந்தும் போகின்றன. ஐரோப்பாவுக்குப் போகும் மீனோடு ஒரு தாளும் போக வேண்டும். இந்த மீன் எங்கே, எந்த விதிக்கு அமையப் பிடிக்கப்பட்டது என்பதை அந்தத் தாள் சொல்ல வேண்டும். இத்தாளைக் கண்ணால் கண்ட தொழிலாளர் எம்மிடையே மிகச் சிலரே. இது எங்கிருந்து வந்தது, எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

காட்டில் தொடங்கிய கதை

இம்முறையின் வேர் கடலில் இல்லை, காட்டில் இருக்கிறது. வெப்பமண்டல நாடுகளின் காடுகள் வேகமாக அழிவதைக் கண்டு உலகம் விழித்தெழுந்தபோது, மரம் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து 1986இல் சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பை நிறுவின. அதன் தலைமையகம் யப்பானின் யோக்கோகாமா நகரில் உள்ளது. ஐரோப்பாவில் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, வெப்பமண்டல மரத்தையே வாங்கக் கூடாது என்று பிரசாரம் செய்தனர். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருந்தது. மரத்துக்கு விலை இல்லையென்றால், காட்டை அழித்து மாட்டுப் பண்ணையோ தோட்டமோ போடுவதே இலாபம் என்றாகிவிடும்.

ஆகவே, நல்ல முறையில் பராமரிக்கப்படும் காட்டின் மரத்துக்கு ஓர் அடையாளம் இடும் யோசனை எழுந்தது. 1993இல் எவ்.எஸ்.சி. எனப்படும் வனப் பொறுப்பாண்மைச் சபை உருவாகியது. இதில் வணிகர், சூழலியலாளர், மக்கள் அமைப்புக்கள் என மூன்று பிரிவினருக்கும் வாக்குரிமை உண்டு. மரத்தின் உருவம் கொண்ட அதன் முத்திரையை இன்று கொப்பி அட்டைகளிலும் பால் பெட்டிகளிலும் காணலாம்.

அரசுகளும் பின்னர் இப்பாதையில் இறங்கின. களவாக வெட்டிய மரத்தைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் ஒரு செயற்றிட்டத்தை வகுத்தது. அத்தகைய மரத்தைத் தன் சந்தையில் விற்பதைத் தடை செய்யும் சட்டம் 2013 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. இத்திட்டத்தின் கீழ் ஏற்றுமதி உரிமம் வழங்கத் தொடங்கிய முதல் நாடு இந்தோனேசியா. அது நடந்தது 2016 நவம்பரில்.

இரண்டு கேள்விகள்

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்து அறிய வேண்டும். இது சட்டப்படி பெறப்பட்டதா என்பது முதற் கேள்வி. இப்படியே எடுத்துக்கொண்டு போனால் நாளைக்கும் மிஞ்சுமா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதைச் சட்டபூர்வம் என்றும் இரண்டாவதை நிலைபேறு என்றும் சொல்வோம்.

எமக்குத் தெரிந்த பனையையே எடுத்துக்கொள்வோம். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. ஒருவர் அனுமதி பெற்றுப் பத்துப் பனைகளை வெட்டுகிறார். அது சட்டபூர்வம். ஆனால் அந்த இடத்தில் ஒரு பனங்கொட்டையாவது ஊன்றப்படவில்லையென்றால், பேரப்பிள்ளைகளின் காலத்தில் அந்தக் காணியில் வடலியும் இராது. முதற் கேள்விக்கு விடை சரி. இரண்டாவதற்கு விடை பிழை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மரஆலை, லொறி, கப்பல் வரை ஒவ்வொரு கைமாற்றமும் பதியப்பட வேண்டும். ஆலையில் களவு மரமும் நல்ல மரமும் கலந்துவிட்டால், அதன்பின் இடப்படும் முத்திரைக்குப் பொருள் இல்லை.

கடலுக்கு வந்தபோது

மரத்துக்கு எழுந்த யோசனையைப் பின்பற்றி 1997இல் கடல் மீனுக்கென எம்.எஸ்.சி. எனப்படும் கடற் பொறுப்பாண்மைச் சபை அமைந்தது. 2010 ஜனவரி முதல், சட்டவிரோதமான, அறிக்கையிடப்படாத, ஒழுங்குபடுத்தப்படாத மீன்பிடிக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடலில் பிடித்த மீனுக்குப் பிடிச் சான்றிதழ் இன்றேல் ஐரோப்பாவுக்குள் இடமில்லை என்றானது.

எமது நாடு இதன் வலியை அனுபவித்தது. 2012 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு இலங்கைக்கு எச்சரிக்கை விடுத்தது. ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் கலங்களைக் கண்காணிக்கவும், இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழுவின் விதிகளைப் பேணவும் இலங்கை தவறிவிட்டது என்பதே குற்றச்சாட்டு. திருத்தம் போதாதென்று 2015 ஜனவரியில் தடை வந்தது. கலங்களுக்குச் செய்மதி வழிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டு, சட்டங்களும் திருத்தப்பட்ட பின்னர், 2016இல் தடை நீக்கப்பட்டது. தவறு ஆழ்கடற் கலங்களில். தடையோ இலங்கைக் கொடியின் கீழ் பிடிக்கப்பட்ட மீன் அனைத்துக்கும். சிலரின் ஒழுங்கீனம் எல்லோருடைய கதவையும் அடைக்கும் என்பதை அன்று கண்டோம்.

கையொப்பம் யாருடையது?

பெரிய கலமென்றால் சான்றிதழில் அதன் தலைவர் கையொப்பமிட வேண்டும். இழுக்கும் வலை பாவிக்காத, 12 மீற்றருக்குக் குறைந்த சிறு படகுகள் போன்றவற்றுக்கு இலகுவான ஒரு படிவம் உண்டு. எமது பைபர் படகுகளும் இந்த அளவுக்கு உட்பட்டவையே. அப்படிவத்தில் படகோட்டியின் கையொப்பம் தேவையில்லை. ஏற்றுமதியாளரே நிரப்பிக் கையொப்பமிடுவார், அதிகாரி உறுதிப்படுத்துவார்.

இது ஏழைத் தொழிலாளியின் சுமையைக் குறைக்கச் செய்யப்பட்ட ஏற்பாடே. ஆயினும் இதன் விளைவைச் சிந்திக்க வேண்டும். எமது கடலைப் பற்றிய சாட்சியம் எம்மைத் தவிர மற்றவர்களால் எழுதப்படுகிறது. எமது பிடியின் கணக்கு கம்பனியிடம் இருக்கிறது. கணக்கு எவரிடம் இருக்கிறதோ, விலை பேசும் பலமும் அவரிடமே இருக்கும்.

காட்டிலும் இதுவே நடந்தது. வெப்பமண்டலக் காட்டைக் காக்கப் பிறந்த முத்திரையின் கீழ் இன்று உள்ள காடுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமே இருக்கிறது. சான்றிதழுக்குப் பணமும் பதிவேடும் தேவை. அவை பெரிய கம்பனிகளிடம் உண்டு, சிறு உடைமையாளரிடம் இல்லை. இதற்கு மாற்றாகவே குழுச் சான்றிதழ் முறை கொண்டுவரப்பட்டது. பல சிறு உடைமையாளர் ஒன்றுசேர்ந்து, ஒரே பதிவேடு வைத்து, ஒரே சான்றிதழ் பெறலாம். இதைப் படிக்கும்போது எமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது.

கசப்பான ஒரு வார்த்தை

தமிழகத்து இழுவைப் படகுகள் எமது வலைகளை அறுத்து, கடலடியை வாரிச் செல்வதை நாம் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறோம். அந்தக் குரல் நியாயமானது. இயந்திரப் படகால் அடிமடி இழுக்கும் தொழில் எவருக்கும் ஆகாது என்று இலங்கைப் பாராளுமன்றம் 2017 ஜூலையில் சட்டம் இயற்றியது. அப்போது குருநகரிலும் இழுவைமடியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. கடன்பட்டுப் படகு வாங்கியவர்களும் போரின் பின் இத்தொழிலால் எழுந்து நின்றவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களைப் பகைவராக எண்ணுவது தகாது. மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யாமல் சட்டத்தை மட்டும் காட்டுவதும் நீதியாகாது. அதேவேளை, அயலவர் வாரினால் அழிவு, நாம் வாரினால் பிழைப்பு என்று கடல் கணக்குப் பார்ப்பதில்லை. தாளில் என்ன எழுதினாலும் கடலடியின் புல்லும் குஞ்சும் போனால் போனதே.

நாம் செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு படகும் பதிவு எண்ணையும் அனுமதிப்பத்திரத்தையும் உரிய காலத்தில் புதுப்பித்து வைத்திருத்தல்.

2. அன்றன்று பிடித்த இனம், எடை, பாவித்த வலை, பெற்ற விலை ஆகியவற்றைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதுதல். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று போதும். எழுத வல்ல இளையோர் எமது ஊரில் உண்டு.

3. சினை நண்டையும் குஞ்சு நண்டையும் உயிரோடு கடலில் விடுவதற்குச் சங்கமாக ஒரு முடிவெடுத்தல். ஒரு சினை நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது. ஒருவர் மட்டும் விட்டால் அடுத்தவர் வலையில் அது அகப்படும்; எல்லோரும் விட்டாலே பயன் உண்டு.

4. எமது பிடிக்கு எழுதப்படும் சான்றிதழின் பிரதியைக் கம்பனியிடம் சங்கத்தின் பெயரால் கேட்டு வாங்கி, எமது பதிவேட்டோடு ஒப்பிடுதல்.

5. இழுவைமடியை விட்டு வருவோருக்குக் கடன் நிவாரணமும் மாற்று வலைகளும் வழங்கும்படி, ஏனைய தொழிலாளரும் சேர்ந்து ஒரே குரலில் கோருதல்.

2015இல் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில், படைப்பின் வளங்கள் பொதுச்சொத்து என்பதையும், நாளைய தலைமுறைக்கும் அவற்றில் பங்குண்டு என்பதையும் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தினார். நிலைபேறு என்னும் சொல்லின் உட்பொருளும் அதுவே.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தோன்றிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அன்று பிடிபட்ட பெரிய மீன்கள் 153 என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. அத்தனை மகிழ்ச்சியிலும் யாரோ ஒருவர் மீனை எண்ணியிருக்கிறார். எண்ணியவரும் மீன் பிடித்தவர்களில் ஒருவராகத்தான் இருந்திருப்பார். எமது பிடியையும் நாமே எண்ணத் தொடங்குவோம்.