மூணு ஒயர் போதும்: பழைய சிஎன்சி மெஷினோட பேசுறது எப்படி?

இன்னைக்கு ஒரு கேபிளைப் பத்தி மட்டும்தான் பேசப்போறோம். சிரிக்காதீங்க. இதே கேபிளால முதல் வேலையில சேர்ந்த மூணாவது வாரமே நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது.

அம்பத்தூர்ல ஒரு சின்ன பட்டறை. அங்கே இருந்த ஃபானுக் கன்ட்ரோல் சிஎன்சி மெஷின் ரொம்பப் பழசு. பென்டிரைவ் கிடையாது. புரோகிராம் அனுப்ப ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்தான் ஒரே வழி. மெஷின்ல 25 ஓட்டை இருக்கிற கனெக்டர். பக்கத்து கம்ப்யூட்டர் பின்னாடியும் அச்சு அசலா அதே மாதிரி 25 ஓட்டை. ரெண்டு பக்கமும் பின் இருக்கிற ரெடிமேட் கேபிளும் அலமாரியில கிடந்துச்சு. சொருகப் போனேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கையைப் பிடிச்சிட்டார். "தம்பி, அது பிரிண்டர் போர்ட்டுடா. மெஷின்ல 25-வது பின்ல 24 வோல்ட் வருது, தெரியுமா?"

தெரியாது. வெளியே மாட்டுற டேப் ரீடர் மாதிரி கருவிகளுக்காக ஃபானுக் கொடுத்த சப்ளை அது. பிரிண்டர் போர்ட்ல 18-ல இருந்து 25 வரைக்கும் எல்லாமே கிரவுண்ட். சொருகியிருந்தா நேரா ஷார்ட்.

அவர் கேபிளைச் செய்யச் சொன்னார். தேவையானது மூணே ஒயர்: அனுப்ப, வாங்க, கிரவுண்ட். இதுலயும் ஒரு வேடிக்கை. 25 பின் கனெக்டர்ல 2 அனுப்பும், 3 வாங்கும். கம்ப்யூட்டரோட 9 பின் சீரியல் போர்ட்ல அப்படியே தலைகீழ். அதனால 2-க்கு 2, 3-க்கு 3, 9 பின் பக்கத்து 5-ஐ மெஷின் பக்கத்து 7-க்கு. நான் எங்கேயோ படிச்சதை நம்பி 2-ஐயும் 3-ஐயும் மாத்திப் போட்டு, அரை நாள் முழிச்சேன்.

அப்புறம் ஜம்பர். எதிர்ல ஆள் ரெடியான்னு மெஷின் கேட்கும். அதை ஏமாத்த, மெஷின் பக்கத்துல 4-5 ஒண்ணா, 6-8-20 ஒண்ணா சேர்த்து சால்டர் பண்ணணும். இல்லன்னா 86-வது அலாரம் அடிக்கும்.

ஏமாத்துறதுக்கு விலை உண்டு. "நிறுத்து, தாங்கல"ன்னு சொல்ல மெஷினுக்கு இப்போ தனி ஒயர் இல்லை. டேட்டா போற ஒயர்லயே எக்ஸ்ஆஃப்னு ஒரு எழுத்தை அனுப்பும். கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல அந்த செட்டிங் ஆன்ல இருக்கணும். இல்லன்னா மெஷினோட பஃபர் நிரம்பி வழிஞ்சு 87. பாட் ரேட், 7 பிட், ஈவன் பேரிட்டி ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலன்னா 85.

பேரிட்டியை ஆஃப் பண்ணிட்டா வேலை சுலபம்னு சிலர் சொல்வாங்க. வேண்டாம். மோட்டார் கேபிள் பக்கத்துல ஓடினா இரைச்சல் ஏறும். மைனஸ் குறி ஒண்ணு கெட்டுப்போனாலும் டூல் எதிர்ப்பக்கம் போகும். ஷீல்டு போட்ட கேபிள் வாங்குங்க, ஷீல்டை ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணுங்க, 15 மீட்டரைத் தாண்டாதீங்க.

மெஷினை ஆஃப் பண்ணிட்டு, 25-வது பின்ல எந்த ஒயரும் இல்லைன்னு மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் சொருகணும். அன்னைக்கு அண்ணன் என்னை மூணு தடவை பார்க்க வச்சார்.