அன்னியர் அணியும் நமது உடை

மார்கழி, தை மாதங்களில் நமது நகரங்களிலும் கோவில்களிலும் அன்னிய தேசத்துப் பிரயாணிகளின் நடமாட்டம் அதிகம். அவர்களில் பலர் நமது உடையை விரும்பி அணிகிறார்கள். ஐரோப்பிய மாது ஒருவர் புடவை உடுத்துக் கல்யாண வீட்டுக்கு வருகிறார். அமெரிக்க வாலிபர் ஒருவர் வேஷ்டி கட்டிக்கொண்டு கோபுர வாசலில் நிற்கிறார். பார்ப்பவர்களில் சிலர் சிரிக்கிறார்கள். சிலர், நம்முடையதை இவர்கள் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முகம் சுளிக்கிறார்கள். பெரும்பாலோர், எப்படிக் கட்டியிருந்தாலும் வெகு அழகு என்று புகழ்ந்துவிட்டு, அப்பால் சென்று கண்ஜாடை காட்டிக்கொள்கிறார்கள். இம்மூன்றும் தவறு என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அன்னியர் நமது உடையை அணியலாகாது என்ற ஆட்சேபணையை முதலில் எடுத்துக்கொள்வோம். நமது துணியை உலகம் உடுத்தியது இன்று நேற்றல்ல. கள்ளிக்கோட்டையின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு துணிக்கே பெயர் ஏற்பட்டது. இந்தியச் சீட்டித் துணியின்மேல் ஆங்கிலேய ஜனங்களுக்கிருந்த மோகத்தைத் தடுக்க பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1700-ம் வருஷத்திலும் 1721-ம் வருஷத்திலும் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. இந்நாட்டிலிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களோ ஒரு காலத்தில் நமது உடையை ஆவலுடன் அணிந்தவர்கள். பொது வைபவங்களில் அவர்கள் அவ்வாறு தோன்றக்கூடாதென்று 1830-ம் வருஷத்தில் தடை விதிக்கப்பட்டது. ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே மதிலெழுப்ப விரும்பியவர்களே அன்னியர் மேனியில் நமது உடையைக் காணச் சகியாதவர்கள். அந்தத் தடையை இன்று நாமே மறுபடியும் விதிப்பது விந்தையாகும். நெசவாளர் நெய்வது விற்பதற்கு. விற்ற துணியை வாங்கியவர் உடுத்துவதில் குற்றமில்லை. காஞ்சிப் பட்டும் சின்னாளப்பட்டிப் புடவையும் அன்னியர் பெட்டியில் ஏறிக் கடல் கடப்பது நமக்குப் பெருமையே தவிரச் சிறுமையன்று.

ஆகவே, அணியலாமா என்பது கேள்வியன்று. எவ்வாறு அணிவது, எங்கே அணிவது என்பதே கேள்வி. இதில் நமக்கு வழிகாட்டக்கூடிய அன்னியர் சிலர் நமது சரித்திரத்திலேயே இருக்கிறார்கள்.

1606-ம் வருஷத்தில் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியாரான ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்ற பெயருடன் காவி தரித்தார். அவர் உடையை மட்டும் மாற்றிக்கொண்டு நின்றுவிடவில்லை. மாமிசத்தையும் மதுவையும் விலக்கினார். தமிழும் சம்ஸ்கிருதமும் கற்றார். அவர் கொண்ட கோலத்தைப் பற்றி அவருடைய சபைக்குள்ளேயே பெரும் சர்ச்சை எழுந்து, 1623-ம் வருஷத்தில் போப்பாண்டவரின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. மதமாற்றமே அவருடைய நோக்கம் என்பதை நாம் மறக்கவில்லை. அந்நோக்கத்தைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் இருக்கலாம். ஆனால் ஓர் உடையை ஏற்பவன் அதற்குரிய நியமங்களையும் ஏற்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1925-ம் வருஷத்தில் மகாத்மாவிடம் வந்துசேர்ந்த மாடலின் ஸ்லேட் அம்மையாரும் அப்படியே. பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஒருவரின் புதல்வியான அவர், தலைமுடியைக் களைந்து, வெண்கதர் உடுத்து, மீராபென் ஆனார். அந்தக் கதர் அவருக்கு விரதமாயிருந்தது. ஆகவே அதை வேஷமென்று யாரும் கூறத் துணியவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1898-ம் வருஷத்தில் வந்த சகோதரி நிவேதிதை புடவைக்கு மாறவில்லை. பாதம் வரை நீண்ட வெள்ளை அங்கியும் ருத்திராக்ஷ மாலையுமே அவருடைய கோலம். ஆயினும் பாரதியார் அவரைத் தமது குருவாகக் கொண்டு நூல் சமர்ப்பணம் செய்தார். நமது உடையை அணியாமலே நமது அன்பைப் பெற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1931-ம் வருஷத்தில் லண்டன் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்த காந்தியடிகள், அரையில் முழத்துண்டும் மேலே போர்வையுமாகவே சென்றார். விருந்தாளி தன் உடையிலேயே வரலாம்; அதனால் வீட்டுக்காரருக்கு அவமதிப்பு ஏற்பட்டுவிடாது.

இனி நடைமுறைக்கு வருவோம். நமது உடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். எல்லோரும் எப்போதும் அணிவது முதல் வகை. இடத்தையும் சமயத்தையும் பொறுத்து அணிவது இரண்டாவது. விரதத்தையோ பதவியையோ உறவையோ குறிப்பது மூன்றாவது. சாதாரணப் பருத்திப் புடவை, சல்வார், ஜிப்பா முதலியவை முதல் வகை. இவற்றை அன்னியர் தாராளமாக அணியலாம். நமது வெயிலுக்கும் இவை ஏற்றவை.

இரண்டாவது வகையில்தான் தவறுகள் மிகுதி. கடைவீதியில் நாடாக் கோத்துத் தொங்கும் உள்பாவாடையை ஒரு பாவாடையென்றே எண்ணி வாங்கி, அதையே மேலுடையாக அணிந்து வீதியில் உலாவும் ஸ்திரீகளைச் சுற்றுலா ஊர்களில் காணலாம். அது புடவைக்குள் மறைந்திருக்க வேண்டிய துணி என்பதை விற்றவர் சொல்லவில்லை, பார்த்தவர்களும் சொல்லவில்லை. கைலி வீட்டுக்கும் உழைப்புக்கும் உகந்தது. அதையே கட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்கு வந்தால், வேஷ்டிக்கும் கைலிக்கும் உள்ள வித்தியாசம் அன்னியருக்குத் தெரியாவிட்டாலும் பந்தலிலுள்ள அனைவருக்கும் தெரியும். வேஷ்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவது நடைக்கு வசதிதான். பெரியவர்கள் எதிர்ப்பட்டால் அவிழ்த்து விடுவது நமது மரியாதை. வட இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் வெள்ளைப் புடவை துக்கத்தைக் குறிக்கும். மலையாள நாட்டிலோ ஜரிகைக் கரையிட்ட வெண்முண்டும் நேரியதுமே ஓணத்துக்குரிய மங்கல உடை. ஆகையால் இந்திய உடை என்று ஒன்றைப் பொதுவாகக் கற்றுக்கொண்டு எல்லா ஊருக்கும் அணிந்து செல்லுதல் இயலாது. எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊராரைக் கேட்டே அணிய வேண்டும்.

வழிபாட்டு ஸ்தலங்களிலும் இவ்விதமே. கேரளத்துக் கோவில்கள் பலவற்றில் ஆடவர் மேல்சட்டையைக் களைந்து முண்டு உடுத்தே உள்ளே செல்ல வேண்டும். அமிர்தசரஸ் பொற்கோவிலில் ஆண், பெண் யாவரும் தலையை மூட வேண்டும். அதற்கான துணி வாசலிலேயே கிடைக்கிறது. ஓரிடத்தில் திறப்பது மரியாதை, மற்றோரிடத்தில் மூடுவது மரியாதை. இன்னொன்றும் கூறவேண்டும். வேஷ்டி என்பது அனுமதிச் சீட்டு அன்று. ஹிந்துக்கள் அல்லாதார் குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் செல்லலாகாது என்ற விதி பல கோவில்களில் இருக்கிறது. அவ்விதி நியாயமா என்பது வேறு விவாதம். உடையை மாற்றியதனாலேயே அவ்வெல்லை மாறிவிட்டதாகக் கருதுவது சரியன்று.

மூன்றாவது வகையை விலக்குவதே நலம். காவி துறந்தவருடையது. தாலியும் மெட்டியும் விவாகமானவளுடையவை. கிர்பான் தீக்ஷை பெற்ற சீக்கியருடையது. பூணூலுக்கும் அதற்குரிய சடங்குண்டு. இறைவன் நாமம் அச்சிட்ட மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொள்வது கண்டோர் மனத்தைப் புண்படுத்தும். வக்கீலின் கறுப்பு அங்கியை வழியே போகிறவர் அழகுக்காக அணிந்தால் நீதிமன்றம் என்ன நினைக்குமோ, அதையே இங்கும் நினைத்துப் பார்க்கலாம். துணி ஒன்றுதான்; அதன் பின்னாலுள்ள பொறுப்பு வேறு.

அளவும் ஒரு விஷயம். 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதம் குடும்பத்துடன் இந்நாட்டுக்கு வந்த அந்நாளைய கனடா பிரதம மந்திரி ஜஸ்டின் ட்ரூடோ, பல இடங்களில் ஆடம்பரமான இந்திய உடைகளில் தோன்றினார். மும்பையில் அவரைச் சந்தித்த சினிமா நடிகர் கறுப்புக் கோட்டு அணிந்திருக்க, விருந்தாளி பொன்னிற ஷெர்வானியில் நின்றார். அவருடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் கல்யாண மாப்பிள்ளையின் உடையை வாரம் முழுவதும் அணிவார் நம்மில் எவருமில்லை. அடுத்த வருஷம் அக்டோபரில் மாமல்லபுரத்தில் நமது பிரதம மந்திரி வேஷ்டி கட்டி நிற்க, சீன ஜனாதிபதி சாதாரண வெள்ளைச் சட்டையுடன் அர்ஜுனன் தபசைப் பார்வையிட்டார். அதில் குறையொன்றையும் யாரும் காணவில்லை.

இதுகாறும் விருந்தாளிக்குச் சொன்னோம். வீட்டுக்காரருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வேஷ்டி கட்டியதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சென்னையில் ஒரு கிளப் 2014-ம் வருஷத்தில் உள்ளே விட மறுத்தது. அதன்மேல் எழுந்த கிளர்ச்சியால், வேஷ்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றமென்று அவ்வருஷமே தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் இயற்றியது. சுதந்திரம் பெற்று அறுபத்தேழு ஆண்டுகள் சென்றபின், தமிழ்நாட்டின் தலைநகரில் வேஷ்டிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு தேவைப்பட்டது! சொந்த வாசலில் நாமே தடுத்த உடைக்கு அன்னியர் மரியாதை தரவில்லை என்று குறைகூற நமக்கு என்ன யோக்யதை இருக்கிறது?

மற்றொன்று, நமது பொய்ப் புகழ்ச்சி. உள்பாவாடையை மேலுடையாக அணிந்து வந்த மாதை, அழகாயிருக்கிறது என்று சொல்லிப் பந்தலின் நடுவில் உட்கார்த்தி வைப்பது உபசாரமன்று. அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் ஊரெல்லாம் அறிந்திருக்கும் அந்த நிலைமை, சிரிப்பதைக் காட்டிலும் கொடியது. நம் வீட்டுப் பெண் அப்படி வெளியே புறப்பட்டால் நாம் விடுவோமா? அந்த வீட்டு மூதாட்டி அவரைத் தனியே உள்ளே அழைத்து, 'வா அம்மா, நான் கட்டிவிடுகிறேன்' என்று கூறி, கொசுவம் மடித்து, முந்தானையைச் சரிசெய்து வெளியே அனுப்பினால், அதுவே விருந்தோம்பல். கொசுவத்தை எந்தப் பக்கம் சொருகுவது என்பதைக் கற்ற அந்த மாது, ஒரு குடும்பத்தின் அன்பையும் கற்றுத் தம் தேசத்துக்குத் திரும்புவார்.

அன்னியரே, கேட்டு அணியுங்கள். நம்மவரே, கேட்குமுன்னரே சொல்லிக்கொடுங்கள். சிரிப்பும் கோபமும் விருந்தாளியை வாசலில் நிறுத்துகின்றன. பொய்ப் புகழ்ச்சியோ அவரைக் காட்சிப் பொருளாக்குகிறது. ஆறு கெஜப் புடவையைச் சரியாகக் கட்டிவிடக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிட நமது வீடுகளில் யாரும் தயங்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.