கரும்புச் சக்கையில் காகிதம்

பொங்கலுக்குச் செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ்க் கடையில் கரும்பு வாங்கியிருப்பீங்க. கடித்துச் சாற்றைக் குடிப்போம், சக்கையைத் துப்புவோம். அந்தச் சக்கையில் காகிதம் செய்யலாம், தெரியுமா?

தமிழ்நாட்டில் கரூர் மாவட்டத்தில் காகிதபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1979-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காகித நிறுவனத்தின் ஆலை அங்கேதான் இருக்கிறது. சர்க்கரை ஆலைகளில் சாறு பிழிந்த பிறகு சக்கை மலைபோல மிஞ்சும். பல ஆலைகள் அதை விறகுபோல எரித்துவிடும். ஆனால் சக்கையில் நார் இருக்கிறது. நாரை வேகவைத்துக் கூழாக்கி, வலையில் பரப்பி, நீரை வடித்து உலர்த்தினால் காகிதம்!

மரத்திலும் நார் உண்டு. ஆனால் கரும்பு வளர ஏறக்குறைய ஒரு வருஷம் போதும். மரம் வளரப் பல வருஷம் வேணும்.

அப்போ, காகிதத்தை வீணாக்கலாமா? கூடாது. அந்த ஆலைக்கும் கொஞ்சம் மரம் வேணும், நிறையத் தண்ணீர் வேணும். பழைய தாளை மறுசுழற்சி செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிவிடும். அதனால் முதலில் தாளின் மறுபக்கத்திலும் எழுதுங்க.

உங்க பள்ளிப் பையைத் திறந்து பாருங்க. ஒரு பக்கம் மட்டும் எழுதின தாள் எத்தனை இருக்கு? அவற்றைச் சேர்த்துத் தைத்தால், அடுத்த தமிழ்க் குறிப்பேடு தயார்!