பழந்துப்பாக்கிகளின் காலம் அறிதல்

மேலூரையடுத்த சிற்றூர் ஒன்றில், என் மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அவருடைய பாட்டனார் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஐயா, இது கான்சாகிபு காலத்துத் துப்பாக்கி" என்றார். கான்சாகிபு என்னும் யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டது 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள். பெரியவரின் கூற்று மெய்யாயின் அத்துப்பாக்கிக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அகவை இருத்தல் வேண்டும்.

'துப்பாக்கி' என்பதே துருக்கியச் சொல்லின் வழிவந்தது என்பர். சொல்லுக்கு வேர் காண்பதைப் போலவே பொருளுக்கும் காலம் காணலாம். இதற்கு முதற்சான்று அதன் பொறியமைப்பு. யூசுப்கான் காலத்துத் துப்பாக்கியில் குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல் பொருத்தப்பட்டிருக்கும். மருந்தும் ஈயக்குண்டும் குழலின் வாய்வழியே இட்டுக் கெட்டிக்கப்படும். தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காத்லாந்துப் பாதிரியார் பார்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே 'கேப்பு' வந்தது. குழலை மடித்துத் தோட்டா இடும் அமைப்பைப் பாரிசின் லெபோஷூ 1830களில் உருவாக்கினார். 1851இல் நடந்த லண்டன் பொருட்காட்சிக்குப் பின்னரே ஆங்கிலேயர் அதனைப் பெரிதும் கைக்கொண்டனர். பெரியவரின் துப்பாக்கியோ மடிந்து திறந்தது! கான்சாகிபு கதை அங்கேயே தளர்ந்துவிட்டது.

குழல்களுக்கு இடைப்பட்ட பட்டையில் 'பி. ஆர் அண்டு சன்ஸ், மதராஸ்' என்று பொறித்திருந்தது. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்திற்குப் பேர்போன நிறுவனமே அது. இங்கேதான் பலரும் இடறுகின்றனர். பொறித்த பெயர் செய்தவர் பெயராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளில் விற்பவர் தம் பெயரைப் பொறித்துக்கொள்வது அக்கால வணிக வழக்கம்.

மெய்யான பிறப்புச் சான்று வெளியில் தெரியாது. தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்தெடுத்தால், அவற்றின் அடிப்புறத் தட்டைப் பரப்பில் சிறு முத்திரைகள் தென்படும். மிகை மருந்திட்டு வெடித்துச் சோதித்தமைக்கு அரசுச் சட்டத்தின்கீழ் இடப்பட்டவை அவை. பெல்ஜியத்து லியேஜ் நகர முத்திரையில் முட்டை வடிவினுள் 'ஈ.எல்.ஜி.' எழுத்துக்கள் இருக்கும். பர்மிங்காம் சோதனை நிலையம் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மகுடத்தின்கீழ்க் குறுக்கிட்ட இரு செங்கோல்களே 1904 வரை அதன் முத்திரை. சாய்சதுரத்தினுள் '12', 'சி' எனப் பொறிக்கும் வழக்கமோ 1887இல் தொடங்கியது. (ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்றின் விட்டமே பன்னிரண்டாம் எண் குழலின் விட்டம்.) நாங்கள் கண்ட குழல்களில் செங்கோலும் இருந்தது, சாய்சதுரமும் இருந்தது. ஆகவே அவை சோதிக்கப்பட்டது 1887க்கும் 1904க்கும் இடையில் என்பது தெளிவு.

குழலின் மேல் பாம்புத்தோல் போன்ற வரிகள் ஓடின. இத்தகையவற்றை 'டமாஸ்கஸ்' என அழைப்பர். பெயரைக் கண்டு நம் நாட்டு உருக்கிலிருந்து வடித்த புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாளோடு மயங்குதல் கூடாது. இவை இரும்பு, எஃகுக் கம்பிகளை முறுக்கி, சுற்றி, காய்ச்சி ஒட்டியவை. இக்கால வீரிய மருந்துத் தோட்டாவை இவற்றில் இடுதல் உயிருக்கே கேடு.

அவ்வூரிலேயே மற்றொரு வீட்டில் இருந்த துப்பாக்கியை, பளபளப்பு வேண்டி உப்புத்தாளால் தேய்த்து விட்டிருந்தனர். முத்திரை ஒன்றும் எஞ்சவில்லை. அதன் காலத்தை இனி எவராலும் திட்டமாகச் சொல்ல இயலாது.

பெரியவரிடம் கூறத் தயங்கியே கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் எங்கள் பாட்டனார் மதராசுக்குப் போய் விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்" என்றார். முத்திரைகளின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, அவருடைய உரிமப் புத்தகத்தினுள் வைத்துக் கொடுத்தேன்.