ஸ்கொட்லாந்துத் தீவுகளில் புனிதர் பெயர்கள்

ஊர்ப்பெயர்களும் வரலாற்றுச் சான்றுகள் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம். அந்தச் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியோடு இன்று ஸ்கொட்லாந்தின் மேற்கிலும் வடக்கிலும் கிடக்கும் தீவுகளுக்குச் செல்வோம். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவனுக்குக் கிறிஸ்தவ மடங்களில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லைத் தேடிப் போகிறவன் எந்த வாசலிலும் நிற்கலாம் என்பது என் எண்ணம்.

கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து கொலம்பா என்ற துறவி கடல் கடந்து, சிறு தீவொன்றில் மடம் அமைத்தார். (கொலம்பா என்றதும் கொழும்பை நினைத்துவிட வேண்டாம். ஒலி ஒற்றுமையை நம்புவதுதான் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் முதற் சறுக்கல்.) 597இல் அவர் அங்கேயே மறைந்தார். அத்தீவின் பழைய பெயர் ‘ஈ’. நம் இலக்கணம் இதனை ஓரெழுத்தொருமொழி என்னும். ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின் அம்மடத்தின் ஒன்பதாவது தலைவர் அடம்னான், கொலம்பாவின் வரலாற்றை இலத்தீனில் எழுதியபோது அத்தீவை ‘இயோவா’ என்று குறித்தார். பிற்காலத்தில் ஏடு பார்த்து எழுதியவர்கள் அதிலிருந்த ‘யூ’ எழுத்தை ‘என்’ எழுத்தாக வாசித்துவிட்டனர். தலைகீழாக்கினால் இரண்டும் ஒன்றுதானே! இயோவா இயோனாவாயிற்று. அதுவே இன்று உலகறிந்த ஐயோனா.

இனித்தான் சுவை. கொலம்பா என்றால் இலத்தீனில் புறா. எபிரேய மொழியில் புறாவுக்குப் பெயர் யோனா. மீன் வயிற்றில் கிடந்த தீர்க்கதரிசியின் பெயரும் அதுவே. தம் தலைவரின் பெயரும் யோனாவின் பெயரும் ஒரே பொருளன என்பதை அடம்னான் தமது நூலின் முன்னுரையிலேயே சொல்கிறார். ஆனால் தீவுக்கும் ஒருநாள் அந்தப் பெயரே வந்து சேரும் என்று அவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஏடுகளில் நேர்ந்த பாடபேதங்களோடு மல்லுக்கட்டிச் சலித்தவன் நான். இவ்வளவு அழகான பிழையை வேறெங்கும் கண்டதில்லை.

‘கில்’ என்று தொடங்கும் ஊர்களும் இப்பகுதியில் ஏராளம். இலத்தீனில் சிற்றறையைக் குறித்த ‘கெல்லா’ என்ற சொல் கேலிக் மொழியில் ‘கில்’ ஆகி, துறவியின் அறையையும் பின்னர் தேவாலயத்தையும் குறித்தது. ஸ்கை தீவிலுள்ள கில்மூர், மரியாளின் ஆலயம். கில்பிரைட், பிரிஜிற் அம்மையின் ஆலயம். இப்பெயர்களைக் கொண்டு அந்தந்தப் புனிதர் அங்கு வந்தார் என்று முடிவு கட்டலாகாது. ஸ்கை தீவுக்கு மரியாள் வந்தாரென்று யாரும் சொல்லார். அங்கே வழிபட்டவர் யாரை நினைத்தனர் என்பதையே பெயர் காட்டும்.

பின்னர் வடகடலிலிருந்து நோர்ஸ் மக்கள் கொள்ளையராக வந்தனர். 806இல் ஐயோனாவில் 68 பேர் கொல்லப்பட்டனர். ஆயினும் அதே மக்களின் மொழிதான் அங்கிருந்த துறவிகளின் நினைவையும் காத்திருக்கிறது. துறவிகளை அவர்கள் ‘பாப்பர்’ என்றனர். தந்தை என்ற பொருளில் வந்த சொல். பபே, பாப்பா வெஸ்றே, பாப்பா ஸ்ரூர் முதலிய தீவுகள் அவ்வாறு பெயர் பெற்றவை. பரா தீவின் பெயரோ கலப்பு மணம். ‘பார்’ என்ற ஐரிஷ் புனிதரின் பெயரோடு, தீவைக் குறிக்கும் நோர்ஸ் விகுதி சேர்ந்தது என்பது பலர் கருத்து. அங்குள்ள அப்புனிதரின் ஆலய முற்றத்தில் 1865இல் ஒரு கல் கிடைத்தது. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் நோர்ஸ் மக்களின் ரூனிக் எழுத்து. ஸ்ரைனார் என்பவரின் மகள் தோர்கெர்டின் நினைவாக நட்ட கல் அது. கொள்ளையர் வழிவந்தோர் சிலுவை நட்டு மகளுக்காக அழுத காலமும் வந்தது.

இறுதியாக, மேற்கே தனித்துக் கிடக்கும் சென் கில்டா. ‘சென்’ என்றால் புனிதர். ஆனால் கில்டா என்றொரு புனிதர் எக்காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. 1666ஆம் ஆண்டின் ஒல்லாந்துக் கடல் வரைபடமொன்றில் இப்பெயர் காணப்படுகிறது. நீரூற்றைக் குறிக்கும் ‘கெல்டா’ என்ற நோர்ஸ் சொல்லே திரிந்தது என்பாரும், வேறொரு தீவின் பெயர் இடம்மாறி வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் வரைபடக்காரர்கள் ஒரு புனிதரைப் படைத்துவிட்டார்கள்.

ஊர்ப்பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வரலாறு பேசுவோர் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். மார்ட்டின் மார்ட்டின் என்பவர் அத்தீவுக்குச் சென்று 1698இல் வெளியிட்ட நூலில் அங்கு மூன்று சிற்றாலயங்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று கிறிஸ்துவுக்கு, மற்றவை கொலம்பாவுக்கும் பிரெண்டனுக்கும் உரியவை. உண்மையில் வாழ்ந்த இருவருக்கும் தீவின் பெயரில் இடமில்லை. வாழாதவருக்குத் தீவு முழுவதும் சொந்தம்!

அங்கு வாழ்ந்த மக்கள் பேசிய கேலிக் மொழியில் அத்தீவு ‘ஹிர்ட்’. 1930 ஓகஸ்ட் 29ஆம் திகதி, எஞ்சியிருந்த 36 பேரும் தாமே விண்ணப்பித்தபடி கப்பலேறிப் போயினர். அதன் பின் அத்தீவைத் தன் ஊர் என்று ‘ஹிர்ட்’ எனச் சொல்லி அங்கு குடியிருக்க எவருமில்லை. வரைபடத்தில் சென் கில்டா மட்டும் இருக்கிறது.