மகிழுந்து சஸ்பென்ஷன் பழுதுநீக்கக் கைக்கருவிகள்

மகிழுந்து சஸ்பென்ஷன் பழுதுநீக்கக் கைக்கருவிகள் என்பவை, சக்கரங்களை வண்டியின் உடலுடன் இணைத்து அதிர்வைத் தாங்கும் உறுப்புகளைக் கழற்றவும் மாட்டவும் பயன்படும் கருவிகளாகும். மூன்று இடர்ப்பாடுகளைக் கருத்தில் கொண்டு இவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன: நீரும் சேறும் பட்டுத் துருவேறிய நட்டுகள், மிகுந்த விசையுடன் இறுக்கப்பட்ட இணைப்புகள், அமுக்கப்பட்ட சுருள்வில்லில் அடங்கியுள்ள ஆற்றல். முதல் இரண்டையும் தக்க கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே சமாளிக்கலாம். மூன்றாவது பணிமனைக்கு உரியது.

அமைப்பு

இன்றைய சிறிய மகிழுந்துகள் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு உள்ளது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் 1940களில் இதை உருவாக்கினார். இதில் ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் ஒரே தூணாக அமைகின்றன. கீழ்க்கை (லோயர் ஆர்ம்), பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ரப்பர் புஷ் ஆகியவை இதனுடன் சேர்ந்து இயங்குகின்றன. இவற்றுள் ஸ்டெபிலைசர் லிங்க், டை ராட் எண்ட் ஆகியவற்றை வீட்டில் மாற்றுவது ஓரளவு எளிது.

தூக்குதலும் தாங்குதலும்

வண்டியுடன் வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது. சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்க வேண்டும். பின்னர் எடைக்கேற்ற இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகளில் வண்டியை இருத்த வேண்டும். செங்கல்லும் சிமெண்டு கல்லும் சட்டென நொறுங்கக் கூடியவை என்பதால் ஸ்டாண்டுக்கு மாற்றாகா. சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திக்கொள்ள வேண்டும்.

சாக்கெட்டும் கைப்பிடியும்

சாக்கெட்டுகளில் ஆறு முனை, பன்னிரண்டு முனை என இரு வகை உண்டு. ஆறு முனை சாக்கெட் நட்டின் பக்கங்களை நன்கு பற்றும். துருவேறிய நட்டில் பன்னிரண்டு முனை சாக்கெட் வழுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கி, பின்னர் எந்தக் கருவியும் பிடிக்காது. சரிசெய்யத்தக்க ஸ்பேனரும் இதே காரணத்தால் ஏற்றதன்று. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் 10, 12, 14, 17, 19 மி.மீ. அளவுகள் மிகுதியாகத் தேவைப்படும்.

முறுக்குவிசை என்பது விசையையும் கைப்பிடியின் நீளத்தையும் பெருக்கிக் கிடைப்பதாகும். 100 நியூட்டன் மீட்டர் இறுக்கமுள்ள நட்டைத் திருப்ப, 20 செ.மீ. கைப்பிடியில் ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. 50 செ.மீ. கைப்பிடியில் 20 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். எனவே முதல் தளர்த்தலுக்கு நீண்ட கைப்பிடியையும், அதன்பின் ரேட்செட்டையும் பயன்படுத்துவர். துரு இளக்கும் எண்ணெயை முன்கூட்டியே தெளித்து ஊறவிட்டால் வேலை எளிதாகும்.

மூட்டுகளைப் பிரித்தல்

டை ராட் எண்டின் கூம்பு வடிவத் தண்டு தன் துளையில் இறுகி அமர்ந்திருக்கும். அதைப் பிரிக்கக் கவை வடிவக் கருவியும் திருகு வகைக் கருவியும் உள்ளன. கவை வடிவக் கருவி ரப்பர் உறையைக் கிழிக்கக் கூடும் என்பதால், மூட்டை மீண்டும் மாட்டுவதாக இருந்தால் திருகு வகையே சிறந்தது. பழைய டை ராட் எண்ட் எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றே புதியதையும் திருக வேண்டும். ஆயினும் பின்னர் சக்கர அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

ஸ்டெபிலைசர் லிங்கின் நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுழலும். பல வண்டிகளில் அதன் முனையில் ஆலன் சாவிக்கான துளை இருக்கும்; அதில் சாவியைச் செருகித் தண்டைப் பிடித்துக்கொண்டு, வளைய ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும்.

இறுக்குதல்

டார்க் ரென்ச் குறித்த அளவுக்கு இறுக்குவதற்கானது, தளர்த்துவதற்கன்று. குறைவாக இறுக்கினால் இணைப்பு கழலும். மிகையாக இறுக்கினால் போல்ட்டு நீண்டு வலுவிழக்கும். சரியான அளவை அவ்வண்டியின் பழுதுநீக்கக் கையேட்டில் காணலாம். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரங்களின் மீது வண்டியின் எடை இருக்கும் நிலையில் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். கழற்றிய ஸ்பிளிட் பின்னையும் நைலான் பூட்டு நட்டையும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

சுருள்வில்

ஸ்ட்ரட்டிலுள்ள சுருள்வில் கழற்றி வைத்த நிலையிலும் அமுங்கியே இருக்கும். அதை அடக்கி வைத்திருக்கும் மேல் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் அவிழ்த்தால் வில் தெறித்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஸ்ட்ரட்டைப் பிரிக்காமல் முழுதாகப் பணிமனைக்கு எடுத்துச் சென்று, வில் அமுக்கும் பொறியைக் கொண்டு பிரிக்கச் செய்வதே பாதுகாப்பான முறையாகும்.